ஒரு சோறு போதாது!



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நம் வீட்டு அடுப்படியில் இந்தச் சோதனை முறை இன்றுவரை பொய்த்ததில்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தணல். ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஆனால் 22 ஆண்டுகளாக நான் பிழைப்பு நடத்தும் தொழிலில் இந்தப் பழமொழி செல்லுபடியாவதில்லை. ஸாஃப்ட்வேர் என்று நாம் சொல்லும் கணிப்பொறி மென்பொருளில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத்தான் வேகும். ஒன்று குழைந்திருக்கும்; பக்கத்திலேயே இன்னொன்று நறுக்கென்று அரிசியாகவே கிடக்கும்.

நொய்டாவில் ஒரு நிறுவனத்தில் நான் மென்பொருள் சோதனையாளன். 'டெஸ்டர்' என்பார்கள். ஊருக்குப் போயிருந்தபோது என் சித்தப்பா, "தில்லியில் என்னப்பா உத்தியோகம்?" என்று கேட்டார். "பிறர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது" என்றேன். "அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா?" என்று வியந்தார். தருகிறார்கள். ஆனால் நான் இங்கே எழுத வந்தது, பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் உலகெங்கும் பலர் கூடிச் செய்யும் மென்பொருளைப் பற்றி. அதை அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனையில் தமிழ் தெரிந்த நமக்கு என்ன வேலை என்பதைப் பற்றி.

இவ்வகை மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்கிறார்கள். அதன் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் செய்து அனுப்பலாம். தில்லியில் நம்மவர்கள் கூடி நடத்தும் அன்னதானங்களைப் பார்த்திருப்பீர்கள். காய் நறுக்க ஒருவர், பருப்பு வேகவைக்க ஒருவர், கரண்டி பிடிக்க நாலு பேர். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கு ஒரு கை உப்பைப் போட்டுவிட்டுப் போனால் சாம்பார் என்னாகும்? திறமூல மென்பொருளின் பெரிய சங்கடம் அதுதான். திருத்தம் அனுப்புகிறவர் பிரேசிலில் இருப்பார். ஏற்றுக்கொள்கிறவர் ஜெர்மனியில் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ஆகவே விவரம் தெரிந்த குழுக்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன. புதிதாக எதைச் சேர்த்தாலும், எந்தப் பிழையைத் திருத்தினாலும், அது சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சோதனையையும் கூடவே எழுதித் தர வேண்டும். இந்தச் சோதனையும் ஒரு குட்டி நிரல்தான். 'இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும்' என்று அதில் எழுதியிருக்கும். யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும், அதுவரை சேர்ந்திருக்கும் சோதனைகள் அத்தனையும் தானாகவே ஒரு முறை ஓடும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. கைப்பேசிகளில் எல்லாம் குடியிருக்கும் எஸ்க்யூலைட் என்ற தகவல் தள மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த அதன் 3.42 பதிப்புக்கு அதை ஆக்கியோர் தரும் கணக்கு: ஒரு வரி நிரலுக்குச் சுமார் 590 வரி சோதனை! மாப்பிள்ளையை விட மாப்பிள்ளைத் தோழர் கூட்டம் பெரிது.

இது அவசியமா என்று கேட்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்த ஏப்ரல் 7 அன்று 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. வங்கி, அஞ்சல், அங்காடி என்று இணையத்தில் நாம் இரகசியமாகப் பேசுகிற இடங்களிலெல்லாம் பூட்டாகப் பயன்பட்ட ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறமூல மென்பொருளில் அந்தப் பிழை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒளிந்திருந்தது. பிழையின் தன்மையை நம் தில்லிவாசிகளுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். அரசு அலுவலக குமாஸ்தா ஒருவரிடம் ஒரே ஒரு தாளை நீட்டி, "இதில் 64 பக்கம் இருக்கிறது, நகல் எடுத்துத் தாருங்கள்" என்கிறீர்கள். அவர் எண்ணிப் பார்க்காமல் உங்கள் ஒரு தாளையும், அதற்கு அடியில் மேஜையில் கிடந்த அடுத்த 63 தாள்களையும் சேர்த்து நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த 63-இல் யாருடைய கடவுச்சொல் இருந்ததோ, யாருடைய சாவி இருந்ததோ!

நியாயமான தாளைக் கொடுத்தால் சரியாக நகல் வருகிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதிப்பார்கள். பொய்க்கணக்கோடு வந்த தாளை மறுக்கிறாரா என்று சோதித்துப் பார்க்க அங்கே ஏற்பாடு இல்லை. எங்கள் தொழிலில் இதை எதிர்மறைச் சோதனை என்போம். புதுச் சோதனையாளர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதை விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம். உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர்தான் என்பதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அதிர்ச்சியில் லினக்ஸ் அறக்கட்டளை ஒரு முயற்சியைத் தொடங்கி, 2016-இல் திறமூலக் குழுக்களுக்கென்று ஒரு 'நன்னடைமுறைப் பட்டயம்' ஏற்படுத்தியது. இப்போது அது ஓப்பன் எஸ்.எஸ்.எஃப். என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. தேர்ச்சி, வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். சோதனை பற்றி அது கேட்பது சுருக்கமானது. முக்கியமான புது வசதி சேரும்போது சோதனையும் சேர வேண்டும் என்ற பொதுக்கொள்கை இருக்க வேண்டும். முதற்படியில் அந்தக் கொள்கை எழுத்தில் இல்லாமல் வாய்ச்சொல்லாகக்கூட இருக்கலாம். ஆனால், அண்மையில் செய்த பெரிய மாற்றங்களில் அதைக் கடைப்பிடித்ததற்கு அத்தாட்சி காட்டியாக வேண்டும். இந்த இரண்டாவது வாசகம் எனக்கு மிகவும் பிடித்தது. கொள்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது யாருக்கும் எளிது. போன மாதம் என்ன செய்தாய் என்று கேட்டால்தான் விழி பிதுங்கும். வெள்ளிப் படிக்குப் போனால் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும். கடந்த ஆறு மாதங்களில் திருத்திய பிழைகளில் பாதிக்காவது, அதே பிழை மறுபடி தலைகாட்டினால் பிடித்துவிடும் சோதனை இருக்க வேண்டும். நிரல் வரிகளில் 80 சதவீதமாவது சோதனையின்போது ஓடியிருக்க வேண்டும். தங்கத்துக்கு அது 90.

இந்தச் சதவீத விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. ஒரு வரி ஓடியது என்பதும் அது தந்த விடை சரி என்பதும் வேறு வேறு. விடையைப் பாராமல் வரிகளை மட்டும் ஓடவிட்டு 95 சதவீதம் காட்டும் கெட்டிக்காரர்களை நேரில் பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவு முழுசாக இருந்தால் பிள்ளை பாஸ் என்று அர்த்தமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதம் எக்ஸ்.இசட். என்ற சுருக்கு மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நச்சு நிரலை ஒளித்து வைத்த இடம் எது தெரியுமா? சோதனைக்கென்று வைத்திருந்த கோப்புகள்! 'இவை கெட்டுப்போன மாதிரிக் கோப்புகள், சோதனைக்காக' என்ற போர்வையில் உள்ளே வந்தன. கணிப்பொறிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டித் துருவியதில்தான் பிடிபட்டது. காவல்காரன் படுக்கும் திண்ணையின் அடியிலும் அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் தில்லிக்கு வருவோம். அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் கொள்கை வெளியிட்டது. 2020-இல் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட ஆரோக்கிய சேது செயலி நினைவிருக்கும். ஏப்ரல் 2 அன்று வந்தது. 11 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திக்கொண்டிருந்தபோது, மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. குறை கண்டுபிடிப்போருக்குப் பரிசும் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கைப்பேசியில் ஓடும் பகுதிதான் அன்று வெளிவந்தது. சர்வரில் ஓடும் பகுதி வரவில்லை. என் கருத்தைக் கேட்டால், நிரலைத் திறந்து வைப்பது பாதி வேலை. அதை எப்படிச் சோதித்தோம், என்ன விடையை எதிர்பார்த்தோம் என்பதையும் திறந்து வைப்பது மறுபாதி. அந்த மறுபாதி இருந்தால்தான் வெளியிலிருந்து வருகிறவர், "இந்த இடத்தைச் சோதிக்கவில்லையே" என்று விரல் வைத்துச் சொல்ல முடியும்.

இதெல்லாம் கணிப்பொறிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். தமிழ் இங்கேதான் வருகிறது.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ், மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கணிப்பொறியைக் கேட்டால் 5 என்கிறது. யூனிகோடு முறையில் 'மி' என்பது ம, அதன்மேல் இகரக் குறி என்று இரண்டு குறியெண்கள்; 'ழ்' என்பது ழ, புள்ளி என்று இரண்டு. அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் தொங்கும். கௌ என்று தட்டுவதற்குப் பதில் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணிப்பொறிக்கு அவை வேறு. கௌசல்யா ஒரு பட்டியலில் இருப்பாள், தேடினால் கிடைக்கமாட்டாள். இப்படிப்பட்ட இடங்களில் எது சரியான விடை என்று எழுதி வைக்க வேண்டியவர் யார்? நிரல் எழுதும் பிரேசில்காரருக்கு அது எப்படித் தெரியும்?

இதை உணர்ந்து செய்தவர்கள் உண்டு. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம், தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. நிரலோடு சோதனைகளையும் சேர்த்தே அங்கே வைத்திருக்கிறார்கள். எழுத்துகளைத் திரையில் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் இன்னொன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்பது அதன் தயவில்தான். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற இரானியப் பொறியாளர் அதை வளர்த்தவர். 2012 வாக்கில் இந்திய மொழிகளுக்காக அதைச் செப்பனிட்டபோது, விக்கிப்பீடியாவிலிருந்து சொற்களைத் திரட்டிச் சோதித்தார். தமிழுக்கு மட்டும் 10 லட்சத்து 91 ஆயிரத்துக்கும் மேல் சொற்கள். ஒரு கட்டத்தில் அதில் தவறியது ஒன்றே ஒன்று. எந்தத் திருத்தத்துக்குப் பின் எந்த மொழியில் எத்தனை தவறியது என்று குறிப்பும் எழுதி வைத்தார். தமிழ் அவர் தாய்மொழி இல்லை என்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. அந்தச் சோதனையில் சரியான விடை என்று வைத்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட் மென்பொருள் காட்டும் உருவத்தை. அது எங்கேயாவது தவறாகக் காட்டியிருந்தால் இதுவும் அப்படியே காட்டித் தேறிவிடும். விடைத்தாளைத் திருத்துகிறவர் கையிலிருக்கும் விடைக்குறிப்பே தமிழ் தெரிந்தவர் எழுதியதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இது வெறும் ஆசையல்ல, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அப்படி ஒன்று நடந்தது.

மயூர் விஹாரில் எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள் என் அக்கா மகள். பிறந்தது வளர்ந்தது தில்லி. தமிழ் நன்றாகப் பேசுவாள். எட்டாம் வகுப்போடு தமிழ்ப் பாடம் விட்டுப்போனதால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எனக்குத் தெரிந்த குடியிருப்போர் அமைப்பு ஒன்றின் தமிழ் உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் அகரவரிசைப்படுத்த அவள் உதவப் போனாள். பட்டியல் வந்தது. கமலா மாமிக்கு முன்னால் கனகா மாமி. மயில்வாகனத்துக்கு முன்னால் மனோகரன். பெரியவர்கள் விடுவார்களா? "இது எந்த ஊர் அகராதி?" என்று கேட்டுவிட்டார்கள்.

இதற்குக் காரணம் தேடினால் கதை தில்லிக்கே வந்து நிற்கிறது. ஐ.டி.ஓ. பக்கம் போகும்போது பகதூர் ஷா ஸஃபர் மார்க்கில் மானக் பவனைப் பார்த்திருப்பீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமையகம். 1991-இல் அவர்கள் ஏற்ற இஸ்கி என்ற தர அளவு, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அட்டவணையை வகுத்தது. அதில் நகரத்துக்குப் பக்கத்தில் னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம், லகரத்துக்குப் பின் ளகரமும் ழகரமும், அதற்கப்புறம்தான் வகரம். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எழுத்துப் பெயர்க்க அந்த ஏற்பாடு வசதி. அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைத்தான் யூனிகோடும் தமிழுக்கு அடியொற்றியது. வரிசைப்படுத்துவதற்கு யூனிகோடு தனி விதி வைத்திருக்கிறது என்றாலும், அதைக் கண்டுகொள்ளாமல் வெறும் குறியெண்ணைப் பார்த்து அடுக்கும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றில் னகரம் பகரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அக்கா மகள் பயன்படுத்தியது ஒரு சிறு திறமூல நிரல். பெயர் வேண்டாம். நிரல் திறந்துதானே கிடக்கிறது என்று அவளே உள்ளே போய், னகரத்தைக் கடைசிக்குத் தள்ளி, திருத்தத்தை அனுப்பிவிட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. முகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, கமலா கனகா எல்லாம் இப்போ சரியா வருது. ஆனா எடுத்துக்க மாட்டேங்கறாங்க. டெஸ்ட் எங்கேன்னு கேக்கறாங்க. டெஸ்ட் இல்லாம எதையும் சேக்கறதில்லையாம்."

"நல்லதாப் போச்சு. எழுதிக் குடு."

"என்னன்னு எழுதறது? மொத்த வரிசையும் சரியா எழுதணுமே. ய, ர, ல, வ வரைக்கும் தெரியும். அப்புறம் ழ முதல்லயா, ள முதல்லயா?"

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் குரல் கொடுத்தார். 1966-இல் மாயவரத்திலிருந்து கல்யாணமாகிக் கரோல் பாகுக்கு வந்தவர்.

"ய ர ல வ ழ ள ற ன. இது கூடவா தெரியாது?"

"பாட்டி, இன்னொரு தரம் மெதுவாச் சொல்லுங்க!"

பாட்டி சொன்னதோடு நிற்கவில்லை. வெறும் எழுத்தைக் கொடுத்தால் போதாது, சொல்லாக வேண்டும், அதுவும் ஓர் எழுத்து மட்டும் மாறிய சொற்களாக இருந்தால் நல்லது என்று பேத்தி விளக்கியதும், கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு விரல் விட்டு அடுக்கத் தொடங்கினார். கடி, கணி, கதி, கபி, கரி, கலி, கவி, கழி, களி, கறி, கனி. பதினொரு சொற்கள், அகரவரிசையில், முதலும் முடிவும் மாறாமல் நடு எழுத்து மட்டும் மாறி! என் 22 ஆண்டு அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமான சோதனைத் தரவை எந்த நிபுணரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. "கபின்னா என்ன பாட்டி?" "குரங்குடி. உன்னைத்தான்."

அந்தப் பதினொன்றையும் கலைத்துப் போட்டு, அடுக்கினால் இந்த வரிசை வர வேண்டும் என்று சோதனை எழுதினாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சோதனை எழுதியதும் முதலில் திருத்தாத பழைய நிரலின் மேல் ஓட்டி, அது சிவப்பு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிழையுள்ள நிரலிலும் பச்சை காட்டுகிற சோதனை ஒன்றுக்கும் உதவாது. ஓட்டச் சொன்னேன். சிவப்பு. நல்லது. அடுத்து அவள் திருத்திய நிரலின் மேல் ஓட்டினாள். அதுவும் சிவப்பு! கனி கடைசிக்கு வந்துவிட்டது. ஆனால் கரியின் பின்னால் கறி ஒட்டிக்கொண்டு நின்றது. களி கழியை முந்தியது. கவி, கழிக்குப் பின்னால் போய்விட்டது. அந்த உறுப்பினர் பட்டியலில் யாருடைய பெயரிலும் இந்த எழுத்துகள் மோதிக்கொள்ளாததால் அதுவரை கண்ணில் படவில்லை. படாமலே இருந்திருந்தால், அடுத்த வருடம் கவிதாவுக்கு முன்னால் கற்பகம் வந்து நின்றபோது மறுபடி ஒரு சண்டை நடந்திருக்கும்.

முழு வரிசையையும் சரிசெய்து, சோதனையோடு சேர்த்து அனுப்பினாள். அகராதியில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருவதால் 'அகம்' என்பதற்கு முன் 'அக்கா' வர வேண்டும் என்று பாட்டி சொன்னதற்கும் ஒரு சோதனை சேர்ந்தது. அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். "அனுப்பினவர் பெயர்ல பாட்டி பேரையும் போடலாமா மாமா?" என்று கேட்டாள். போட்டாள். தாயாரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், தன் பெயருக்கு முன் 'திருமதி' இல்லையே என்றார்.

நாலு மாதம் கழித்து இன்னொரு ஊர்க்காரர் ஒருவர் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைக் கடைசியில் வைப்பதற்காக அதே நிரலில் கை வைத்தார். நல்ல திருத்தம்தான். ஆனால் அவர் அட்டவணையைத் திருப்பி எழுதியபோது னகரமும் றகரமும் பழைய இடத்துக்கே போய்விட்டன. அனுப்பிய சில நிமிடங்களில் கடி-கனிச் சோதனை சிவப்பு காட்டியது. அவர் சரிசெய்து மறுபடி அனுப்பினார். எங்கள் வீட்டில் யாரும் அப்போது விழித்திருக்கக்கூட இல்லை. மறுநாள் காலையில் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நம் இல்லங்களில் நிலைமை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நிரல் எழுதத் தெரியும், ழகர ளகர வரிசை தெரியாது. பெரியவர்களுக்கு வரிசை தெரியும், கணிப்பொறி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இந்த நகரில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு மாலை ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பத்துச் சொற்களையும் அவற்றின் சரியான விடைகளையும் சொன்னால் போதும், அது ஒரு சோதனை. புணர்ச்சி, வல்லினம் மிகும் இடம், தேதியும் தொகையும் தமிழில் எழுதும் முறை என்று விடைக்குறிப்பு எழுதப்படாத இடங்கள் நிறையக் கிடக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரு விவகாரம் மட்டும் தீரவில்லை. எழுத்து எண்ணும் நிரல் ஒன்றுக்கு அக்கா மகள் இப்போது சோதனை எழுதிக்கொண்டிருக்கிறாள். 'லக்ஷ்மி'யில் எத்தனை எழுத்து? க்ஷ என்பது ஒரே எழுத்து, ஆகையால் மூன்று என்கிறார் தாயார். சரி, அப்படியானால் 'ரிக்ஷா'? "அது ரிக், ஷான்னு பிரிச்சுத்தானே சொல்றோம், அதுல க் தனி, ஷா தனி, மூணு எழுத்து" என்கிறார். கணிப்பொறிக்கோ இரண்டு இடத்திலும் க, புள்ளி, ஷ என்று அதே மூன்று குறியெண்கள். ஒன்றைச் சேர்த்து எண்ணினால் மற்றதையும் சேர்த்துத்தான் எண்ணும், ரிக்ஷாவுக்கு இரண்டு என்றுதான் சொல்லும். சோதனைக் கோப்பில் ரிக்ஷாவுக்கு எதிரே விடை எழுதும் இடம் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. வாசகர்கள், குறிப்பாகத் தமிழாசிரியர்கள், தங்கள் முடிவைக் காரணத்தோடு இதழ் முகவரிக்கு எழுதினால் அவளிடம் சேர்ப்பித்துவிடுவேன்.